6. மணிக்கு, கிழமை, மாதத்தில்: காலச் சொற்களும் அவற்றின் ஒலியும்

ஆங்கிலச் செய்தித்தாளைத் தடையில்லாமல் வாசிக்கிறவர்கள்கூட, கூட்டம் எத்தனை மணிக்கு என்று யாராவது ஆங்கிலத்தில் கேட்டால் ஒரு நொடி தயங்குவதுண்டு. மணி என்னவென்று தெரியும், எண்ணும் வாயில் இருக்கும். அதற்கு முன்னால் வர வேண்டிய சிறு சொல்தான் வராது. ‘அட்’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா, ‘இன்’ போடுவதா? பள்ளியில் இதற்கெல்லாம் அட்டவணை எழுதி மனப்பாடம் செய்திருப்பீர்கள். தேர்வில் கோடிட்ட இடத்தையும் சரியாக நிரப்பியிருப்பீர்கள். அந்த அறிவு பேச்சில் கைகொடுக்காததற்குப் பெரும்பங்கு காரணம் காது. ஆங்கிலம் பேசிப் பழகியவர்கள் இந்தச் சிறு சொற்களை முழுமையாகச் சொல்வதே இல்லை. விழுங்கிவிடுகிறார்கள். காதில் விழாத சொல் நாக்கில் வராது.

அதனால் காலச் சொற்கள், ப்ரெபொசிஷன், உச்சரிப்பு மூன்றையும் இந்த அத்தியாயத்தில் சேர்த்தே பழகப் போகிறோம். படிக்கும்போது உதடு அசைய, குரல் வரப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் இந்தப் பக்கங்களால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

தமிழ் உருபே வழி காட்டும்

“ஐந்து மணிக்கு வா.” “திங்கட்கிழமை வா.” “ஜூன் மாதத்தில் வா.” மூன்றிலும் காலச் சொல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். மணியோடு ‘கு’ சேர்ந்திருக்கிறது. கிழமையோடு எதுவும் சேரவில்லை. மாதத்தோடு ‘இல்’ சேர்ந்திருக்கிறது. ஆங்கிலமும் ஏறக்குறைய இதே இடங்களில்தான் பிரிகிறது. ‘கு’ வந்தால் ‘அட்’, உருபில்லாமல் நின்றால் ‘ஆன்’, ‘இல்’ வந்தால் ‘இன்’. அட் ஃபைவ் ஓ க்ளாக். ஆன் மண்டே. இன் ஜூன். 2019இல் என்றால் இன் 2019. ஆகஸ்ட் 15ஆம் தேதி என்றால் ஆன். காலையில், மாலையில், கோடைக்காலத்தில் எல்லாம் இன். நம் உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், ஆங்கிலத்தில் அது தனிச் சொல்லாக முன்னால் நிற்கும், அவ்வளவுதான். ஆங்கிலம் கற்கும்போது தமிழில் நினைக்கவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். காலத்தைப் பொறுத்தவரை அந்த அறிவுரையை நான் ஏற்பதில்லை. இங்கே தமிழ்க் காது உங்களுக்குத் துணை.

துணை கைவிடும் இடங்களும் உண்டு, அவை குறைவு. ‘ராத்திரியில்’ என்று ‘இல்’ போடுகிறோம், ஆங்கிலத்தில் அது ‘அட் நைட்’. நள்ளிரவும் நண்பகலும் மணியைப் போலவே நடத்தப்படும்: அட் மிட்நைட், அட் நூன். ‘என் பிறந்தநாளுக்கு’ என்று ‘கு’ வருகிறது, ஆனால் அது ஒரு நாள் என்பதால் ‘ஆன் மை பர்த்டே’. நாளும் பொழுதும் சேர்ந்து வந்தால் நாளே ஆட்சி செய்யும்: காலையில் என்பது ‘இன் த மார்னிங்’, திங்கட்கிழமை காலையில் என்பது ‘ஆன் மண்டே மார்னிங்’. வார இறுதிக்கு பிரிட்டனில் ‘அட் த வீக்கெண்ட்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ஆன் த வீக்கெண்ட்’. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போன, அடுத்த, இந்த, ஒவ்வொரு என்ற நான்கு சொற்களில் ஒன்று முன்னால் வந்துவிட்டால் ஆங்கிலத்தில் எந்தச் சிறு சொல்லும் வேண்டாம். ‘நெக்ஸ்ட் மண்டே’ போதும். ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ தவறு. இன்று, நேற்று, நாளை ஆகியவற்றுக்கும் அப்படியே. இன்று காலை என்பதை அப்படியே பெயர்த்து ‘டுடே மார்னிங்’ என்கிறோம்; வழக்கில் உள்ளது ‘திஸ் மார்னிங்’. நேற்று ராத்திரி ‘லாஸ்ட் நைட்’, இன்று ராத்திரி ‘டுநைட்’. நாளைக் காலை மட்டும் நம் மனம் போலவே ‘டுமாரோ மார்னிங்’.

க்குள், வரை, ஆக, இருந்து

வேலையில் உண்மையான சிக்கல் தோன்றுவது இங்கேதான். மணியும் கிழமையும் தவறினால் கேட்பவர் புரிந்துகொள்வார். கெடு தவறினால் வேலை கெடும்.

‘க்குள்’ என்ற ஒரு தமிழ் ஈறு ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும். “இரண்டு நாளுக்குள் முடிப்பேன்” என்பதில் இருப்பது ஒரு கால அளவு. அதற்கு ‘விதின்’. “திங்கட்கிழமைக்குள் முடிப்பேன்” என்பதில் இருப்பது ஒரு புள்ளி, கெடு. அதற்கு ‘பை’. நம்மில் பலர் இரண்டுக்கும் ‘விதின்’ போட்டு ‘விதின் மண்டே’, ‘விதின் ஃபைவ் ஓ க்ளாக்’ என்கிறோம். வெளிநாட்டவர் காதுக்கு இது குழப்பம் தரும். சொல்வதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் சொல்வது நீளமா, புள்ளியா? இரண்டு நாள், ஒரு மணி நேரம், மூன்று வாரம் ஆகியவை நீளம். திங்கட்கிழமை, ஐந்து மணி, மார்ச் 31 ஆகியவை புள்ளி.

‘வரை’ என்பது ‘அன்டில்’ அல்லது ‘டில்’. ஒரு செயல் அந்தப் புள்ளியை எட்டும்வரை நீடிக்கிறது என்று பொருள். “ஐந்து மணி வரை இருப்பேன்” என்றால் ஐந்து ஆகும்வரை நகர மாட்டீர்கள். “ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன்” என்றால் நான்கே காலுக்கும் வரலாம். முதலாவது ‘அன்டில் ஃபைவ்’, இரண்டாவது ‘பை ஃபைவ்’. தமிழில் இந்த வேறுபாடு குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் ‘பை’ என்ற சொல்லுக்கு ‘ஆல்’ என்ற பொருளைப் பள்ளியில் முதலில் படித்துவிடுவதால் கெடுவைக் குறிக்கும் ‘பை’ மனத்தில் ஊன்றுவதில்லை. அலுவலக மின்னஞ்சலில் ‘பை ஃப்ரைடே’ என்று பார்த்தால் ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். சில நாளில் அது பதிந்துவிடும்.

அடுத்து ‘ஆக’, ‘இருந்து’. “ஐந்து வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்.” “2019இலிருந்து இங்கே வேலை செய்கிறேன்.” இங்கேயும் தமிழ் நீளத்தையும் புள்ளியையும் தெளிவாகப் பிரித்திருக்கிறது. நீளத்துக்கு ‘ஆக’, அது ‘ஃபார்’. தொடங்கிய புள்ளிக்கு ‘இருந்து’, அது ‘சின்ஸ்’. ஆகவே ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ வராது. ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ வரும். ‘இருந்து’ என்றதும் ‘ஃப்ரம்’ நாக்கில் வந்து நிற்கும். தொடக்கமும் முடிவும் இரண்டும் சொல்லப்பட்டால் அது சரி: ஃப்ரம் நைன் டு ஃபைவ். தொடங்கியது இன்னும் தொடர்கிறது என்றால் ‘சின்ஸ்’.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். தமிழில் ‘செய்கிறேன்’ என்று நிகழ்காலம் போட்டால் போதும். ஆங்கிலம் அதற்கு இறந்த காலத்தையும் நிகழ்காலத்தையும் தொடுகிற வடிவத்தைக் கேட்கிறது: ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ். ‘ஐ ஆம் வொர்க்கிங்’ என்று சொன்னால் நேர்காணல் செய்பவருக்குப் பொருள் புரியும், ஆனால் முதல் வாக்கியத்திலேயே உங்கள் ஆங்கிலத்தை அவர் எடைபோட்டுவிடுவார். நேர்காணலுக்குப் போகும் ஒவ்வொருவரும் இந்த ஒரு வாக்கியத்தையாவது தங்கள் ஊர், வேலை, ஆண்டு போட்டு உதட்டில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

“இரண்டு நாள் கழித்து வருவேன்” என்பதை ‘ஆஃப்டர் டூ டேஸ்’ என்கிறோம். இப்போதிலிருந்து எண்ணினால் ‘இன் டூ டேஸ்’ என்பதே வழக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்பு என்பதற்கு ‘டூ இயர்ஸ் அகோ’. ‘பேக்’ பேச்சில் ஓடும், எழுத்தில் தவிர்க்கலாம். கூட்டத்தை முன்னதாக மாற்றுவதற்கு நாம் சொல்லும் ‘ப்ரீபோன்’ இந்திய ஆங்கிலத்தில் நன்றாக வேரூன்றிய சொல், அதில் குற்றமில்லை. இந்தியாவுக்கு வெளியே உள்ளவரிடம் ‘மூவ் அப்’ அல்லது ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்றால் சட்டென்று புரியும்.

கடிகாரம்

தமிழ்க் கடிகாரம் கடந்துபோன மணியை விடாது. ஐந்தே கால், ஐந்தரை, ஐந்தே முக்கால். ஆங்கிலக் கடிகாரம் அரையைத் தாண்டியதும் வரப்போகும் மணியின் பக்கம் திரும்பிவிடும்: குவார்ட்டர் பாஸ்ட் ஃபைவ், ஹாஃப் பாஸ்ட் ஃபைவ், குவார்ட்டர் டு சிக்ஸ். ஐந்தே முக்கால் என்று மனத்தில் ஓடும்போது வாயில் ஆறு வர வேண்டும். இது பழக நாளாகும். அதுவரை ‘ஃபைவ் ஃபார்ட்டி ஃபைவ்’ என்று எண்ணாகவே சொல்லுங்கள், யாரும் தவறென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பிறர் சொல்லும்போது புரிய வேண்டுமே, அதற்காக ‘டு’ கணக்கைக் காதுக்குப் பழக்குங்கள். பிரிட்டனில் ‘ஹாஃப் ஃபைவ்’ என்று சொல்வதைக் கேட்டால் அது ஐந்தரை, நான்கரை அல்ல.

ரயில் அட்டவணையில் 24 மணிக் கணக்கு. அங்கே நாள் பிறப்பது நள்ளிரவு 12 மணிக்கு. நம் பேச்சில் விடியும்வரை அது முந்தைய நாளின் ராத்திரிதான். 15ஆம் தேதி 00:20 மணி ரயில் என்றால், நம் கணக்கில் 14ஆம் தேதி ராத்திரி நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நிற்பவர்களுக்கு ரயில் போய்க் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் ஆகியிருக்கும். 12 மணிக்கு ஏ.எம்., பி.எம். போடுவதிலும் இதே ஆபத்து. 12 ஏ.எம். நள்ளிரவு, 12 பி.எம். நண்பகல். ‘நூன்’, ‘மிட்நைட்’ என்று சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

தேதியை எழுத்தில் ‘15 ஆகஸ்ட்’ என்று பார்த்தாலும் பிரிட்டிஷ் பேச்சில் ‘த ஃபிஃப்டீன்த் அவ் ஆகஸ்ட்’ என்று ‘த’வும் ‘அவ்’வும் சேரும். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 4/5 என்பது நமக்கு மே 4, அவர்களுக்கு ஏப்ரல் 5. மாதத்தை எழுத்தால் எழுதினால் குழப்பமே வராது. பிரிட்டனில் உள்ள மருத்துவமனையோ நிறுவனமோ காணொளி நேர்காணலுக்கு அழைத்தால் இன்னொன்றையும் பாருங்கள். அங்கே மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்ப வைப்பார்கள். குளிர்காலத்தில் நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், கோடையில் நான்கரை. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இது ஒரே கணக்கு.

‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்றால் வருகிற வெள்ளியா, அதற்கு அடுத்ததா என்பதில் ஆங்கிலேயருக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. தேதியைக் கேட்டுவிடுங்கள்.

காலத்துக்கு வெளியே சில சொற்கள்

இடத்துக்கு வரும்போது தமிழ் உருபு அவ்வளவாக உதவாது. மேசையில், அறையில், நிலையத்தில் என்று மூன்றுக்கும் நாம் ‘இல்’ போடுகிறோம். ஆங்கிலத்தில் ஆன், இன், அட் என்று மூன்றாகும். பேருந்து, ரயில், விமானம், கப்பல் என்று எழுந்து நடக்கக்கூடிய வண்டிக்கு ‘ஆன்’. கார், ஆட்டோ போல உட்கார்ந்தே போகிறவற்றுக்கு ‘இன்’. அவன்மேல் கோபம் என்பதால் ‘ஆங்க்ரி ஆன் ஹிம்’ வந்துவிடுகிறது, சரியானது ‘வித்’. அதைப் பற்றிப் பேசினோம் என்பதால் ‘டிஸ்கஸ் அபவுட்’ வருகிறது, ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கியிருக்கிறது. அவனிடம் சொன்னேன், அவனிடம் கேட்டேன் என்று ‘இடம்’ போடுவதால் ‘டோல்ட் டு ஹிம்’, ‘ஆஸ்க்டு டு ஹிம்’. இரண்டிலும் ‘டு’ வேண்டாம். இவற்றுக்கு விதி தேடாதீர்கள். முழுச் சொற்றொடராக நாக்கில் ஏற்றுவதுதான் வழி.

விழுங்கப்படும் ஒலி

இனி காதுக்கு வருவோம். தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும் மாத்திரை உண்டு. குறில் ஒன்று, நெடில் இரண்டு. அதற்குரிய இடத்தை எழுத்துக்குக் கொடுத்தே பேசுகிறோம். ஆங்கிலம் முக்கியமான சொல்லின் ஓர் அசையை அழுத்தி, மற்றவற்றைச் சுருக்கிவிடும். ‘அட்’டின் உயிர் தேய்ந்து வெறும் மூச்சளவில் நிற்கும். ‘ஃபார்’ வெறும் ‘ஃப’ ஆகும். ‘டு’ பாதி ‘ட’ ஆகும். ‘ஃப்ரம்’ கிட்டத்தட்ட ‘ஃப்ர்ம்’. ‘ஆஃப்’ என்று நாம் படித்த சிறு சொல்லின் கடைசி ஒலி பேச்சில் ‘வ்’, முழுதும் ‘அவ்’ என்று ஒலிக்கும். ‘இன்’, ‘ஆன்’, ‘பை’, ‘சின்ஸ்’ இவ்வளவு தேய்வதில்லை. ஆனால் எந்தச் சிறு சொல்லும் வாக்கியத்தின் கடைசியில் நின்றால் முழு உருவத்தோடு வரும். வேர் ஆர் யூ ஃப்ரொம்?

தேய்ந்த சொல் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். நன்னூலில் புணர்ச்சி படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மரம், எல்லாம் சேர்ந்து மரமெல்லாம் ஆவதைப் போல ‘ஹாஃப், அன், அவர்’ மூன்றும் ‘ஹாஃபனவர்’ ஆகும். ‘இன் அன் அவர்’ என்பது ‘இனனவர்’. ‘அட் எய்ட்’ என்பது ‘அடெய்ட்’. இப்படிச் சேர்த்துச் சொல்லிப் பழகிய பிறகுதான் பிறர் பேச்சில் அந்த ‘அட்’ உங்களுக்குக் கேட்கத் தொடங்கும்.

தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. பாக்கு, காற்று என்று ஓர் உகரம் வந்து தாங்கும். அந்தப் பழக்கத்தில் ‘ஓ க்ளாக்கு’, ‘எய்ட்டு’, ‘நைட்டு’ என்கிறோம். உகரத்தை வெட்டுங்கள், நாக்கு மேலே போய் நின்றதும் நிறுத்திவிடுங்கள். இன்னொரு பழக்கம் சொல்லின் தொடக்கத்தில். எட்டு என்பதை ‘யெட்டு’ என்றும், ஒன்று என்பதை ‘வொண்ணு’ என்றும் பேசுகிறோம். அதே ‘ய’வும் ‘வ’வும் ஆங்கிலத்துக்குள் நுழைந்து ‘யெவ்ரி’, ‘வொக்டோபர்’ ஆகின்றன. வருஷத்தைக் குறிக்கும் ‘யியர்’, காதைக் குறிக்கும் ‘இயர்’ இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். முன்னதில் மட்டும் நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நெருங்க வேண்டும்.

கிழமைகளில் செவ்வாய், புதன், வியாழன் மூன்றின் ஆங்கிலப் பெயர்களிலும் நடுவில் வரும் ‘ஸ்’ அதிரும் ஒலி. தொண்டையில் விரல் வைத்துப் பாம்பு சீறுவதுபோல ‘ஸ்’ என்று சொல்லுங்கள், அதிர்வு இருக்காது. அதே இடத்தில் நாக்கை வைத்துக் குரலைச் சேர்த்தால் அதிரும். நமக்கு அதற்கு எழுத்தில்லை. டேஸ், அவர்ஸ், யியர்ஸ் மூன்றும் அதிரும் ஒலியில் முடியும். வீக்ஸ், மினிட்ஸ் இரண்டும் அதிராமல் முடியும். புதனுக்கு ‘வெட்னெஸ்டே’ என்று எழுத்துக் கூட்ட வேண்டாம். இரண்டே அசை, வென்ஸ்டே. மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லில் ‘ஹ’ ஒலிக்காது. ‘ஹாஃப்’ என்பதில் ‘ல்’ இல்லை. வியாழக்கிழமையின் முதல் ஒலியை நாம் ‘த’ என்று சொல்வதைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். அதனால் பொருள் பிறழ்வது அரிது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உடனே திருத்த வேண்டியது 15க்கும் 50க்கும் உள்ள குழப்பம். தனியாகச் சொன்னால் 15இல் அழுத்தம் பின்னால், 50இல் முன்னால். பின்னால் ஒரு சொல் சேர்ந்து ‘ஃபிஃப்டீன் மினிட்ஸ்’ ஆனால் அழுத்தம் முன்னுக்கு நகர்ந்துவிடும். அப்போது அழுத்தத்தை நம்ப முடியாது. ‘ஈ’யை நீட்டி, ‘ன்’ ஒலியைத் தெளிவாக மூடுங்கள். மருந்தின் அளவைச் சொல்லும் செவிலியர் ‘ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்’ என்று இலக்கங்களையும் சேர்த்துச் சொல்வது நல்ல முறை. தொலைபேசியில் நேரம் சொல்லும்போது நீங்களும் அதையே செய்யுங்கள்.

பயிற்சி

பிபிசி உலக சேவை வானொலி இணையத்தில் கிடைக்கிறது. மணி அடிக்கும் தறுவாயில் திறந்து வையுங்கள். 1924 பிப்ரவரி 5ஆம் தேதி தொடங்கிய ஆறு ‘பிப்’ ஒலிகளைக் கேட்கும் வாய்ப்பும் உண்டு. கடைசி ஒலி தொடங்கும் கணமே மணி. தொடர்ந்து செய்தி வாசிப்பவர் சொல்லும் முதல் சில வாக்கியங்களைப் பதிவுசெய்யுங்கள். காலமும் இடமும் வரும் சொற்றொடர்களை மட்டும் காகிதத்தில் எழுதுங்கள். சிறு சொல் கேட்காத இடத்தில் கோடு போட்டு வெற்றிடம் விடுங்கள். பிறகு இலக்கணத்தைக் கொண்டு அதை நிரப்பி, திரும்பக் கேளுங்கள். இப்போது அங்கே மெல்லிய ஓர் ஒலி இருப்பது தெரியும். அதே வாக்கியத்தை அவரோடு சேர்ந்து, அவர் வேகத்திலேயே சொல்லுங்கள். முந்தவும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம்.

ரயில் அட்டவணை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு நேரத்தையும் முதலில் தமிழில் கால், அரை, முக்கால் போட்டும், பிறகு ஆங்கிலத்தில் ‘பாஸ்ட்’, ‘டு’ போட்டும் உரக்கச் சொல்வது இன்னொரு பயிற்சி. வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால் இருவரும் மாறி மாறிக் கேளுங்கள்.

கடைசியாக, கீழே உள்ள பேச்சை ஆங்கிலத்தில் சொல்லிக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள்.

“மூன்று வருஷமாக ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். போன மாதம் விண்ணப்பித்தேன். சான்றிதழ்களை வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடுவேன். புதன்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு நேர்காணல் வைக்கலாம். அன்று நான்கு மணி வரை வீட்டில் இருப்பேன்.”

சிறு சொற்கள் வரிசையாக: ஆண்டுக்கு ஃபார், மருத்துவமனைக்கு இன், போன மாதத்துக்கு எதுவுமில்லை, வியாழனுக்கு பை, பதினொன்றே முக்காலுக்கு அட், நடுவில் பன்னிரண்டுக்கு முன் டு, புதன்கிழமைக்கு ஆன், நான்கு மணிக்கு அன்டில், வீட்டுக்கு அட். பதிவைக் கேட்கும்போது ‘ஃபார்’, ‘அட்’, ‘டு’ மூன்றும் எண்களைவிட மெலிந்து கேட்கிறதா என்று பாருங்கள். எண்ணுக்குச் சமமாக ஓங்கி ஒலித்தால் அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி பதிவுசெய்யுங்கள்.